காப்பீடு இல்லாதவரின் ஆஸ்பத்திரி செலவு: அமெரிக்காவில் அது யார் தலையில் விழுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் மாதாமாதம் ப்ரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்சூரன்ஸ் எடுக்காமல் இருக்கிறவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தச் செலவும் என் வரியிலிருந்துதான் போகிறதாம். அவரவர் செலவை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே? ஊரிலிருந்து வரும் அப்பா, அம்மாவுக்கும் இதே விதிதானா?" இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இப்போது யார் கட்டுகிறார்கள், யார் கட்டுவது நியாயம், நம் வீட்டுப் பெரியவர்கள் அங்கே வந்து நோயில் விழுந்தால் என்ன வழி. முதலாவதற்குச் சட்டத்திலும் கணக்கிலும் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதில் என் கருத்து கலந்திருக்கும். தகவல் எங்கே முடிந்து கருத்து எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டிவிடுகிறேன். மூன்றாவது, மாநிலத்துக்கு மாநிலம், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். நான் பேசுவது ஆஸ்பத்திரி பில்லிங் பக்கத்திலிருந்து; வழக்கு என்று வந்துவிட்டால் அந்த மாநிலத்து வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

"அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற வாதத்தை அமெரிக்கா மேடையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறது. 2011 செப்டம்பரில் டாம்பா நகரில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டிக்காக நடந்த விவாதத்தில், அடிப்படையில் மருத்துவரான ரான் பாலிடம் தொகுப்பாளர் உல்ஃப் பிளிட்சர் இதையேதான் கேட்டார். நல்ல வேலையில் இருக்கும் 30 வயது இளைஞன், உடம்புக்கு ஒன்றுமில்லை என்று இன்சூரன்ஸ் எடுக்காமல் இருந்துவிட்டான். திடீரென்று ஆறு மாதம் தீவிர சிகிச்சை தேவைப்படுகிறது. யார் கட்டுவது? தன் முடிவுக்குத் தானே பொறுப்பேற்பதுதான் சுதந்திரம் என்றார் பால். அப்படியானால் சாகவிட்டுவிடலாமா என்று கேட்டதும் கூட்டத்தில் சிலர் "ஆமாம்" என்று கத்தினார்கள். பால் அதை ஏற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் தான் வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்டவர்களைத் தேவாலயங்கள் கவனித்துக்கொண்டன, யாரையும் திருப்பி அனுப்பவில்லை என்றார். அதாவது சுதந்திரம் பேசியவரும் கடைசியில் வேறொருவர் பணத்தைத்தான் கைகாட்டினார். இந்த வாதத்தின் சிக்கலே இதுதான். வாசலில் கிடப்பவனைச் சாகவிட மாட்டோம் என்று முடிவெடுத்த மறுகணம், பில் பொதுவுக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு கேட்க மிச்சமிருப்பது, எந்த வழியாக, எப்போது, எவ்வளவு வீணடித்துக் கட்டப்போகிறோம் என்பதுதான்.

அந்த முடிவை அமெரிக்கா 1986இல் சட்டமாகவே எழுதிவிட்டது. அதற்கு முன்பு தனியார் ஆஸ்பத்திரிகள் காசில்லாத நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவிடுவது வழக்கம். சிகாகோவின் குக் கவுண்டி ஆஸ்பத்திரிக்கு அப்படி அனுப்பப்பட்ட 467 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். 87 சதவீதம் பேர் அனுப்பப்பட்டதற்குக் காரணம் போதிய காப்பீடு இல்லாதது. 24 சதவீதம் பேர் வந்து சேரும்போது நிலைமை சீராகாமலே இருந்தார்கள். அதே ஆண்டு ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட எம்டாலா சட்டத்தின்படி, மெடிக்கேர் (பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு) பணம் வாங்கும் எந்த ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குள் யார் வந்தாலும் மருத்துவப் பரிசோதனை செய்தாக வேண்டும். உயிருக்கோ உடல்நிலைக்கோ கடும் ஆபத்து இருந்தால் நிலைப்படுத்த வேண்டும். தங்களால் முடியாவிட்டால் முடிந்த இடத்துக்கு முறையாக அனுப்ப வேண்டும். இன்சூரன்ஸ் கார்டைக் கேட்கலாம், ஆனால் கேட்பதற்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது. குடியுரிமை, விசா எதுவும் இதில் கணக்கில்லை. இந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, கடமையைச் சுமத்தியதே தவிர அதற்கு ஒரு சென்ட்கூட ஒதுக்கவில்லை. இரண்டு, நிலைமை சீரானதும் கடமை முடிந்துவிடுகிறது. புற்றுநோய்க் கட்டியிலிருந்து ரத்தம் கொட்டினால் நிறுத்துவார்கள். கீமோதெரபி கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இலவசமாகக் கொடுத்த சிகிச்சையின் செலவு எங்கே போகிறது? கே.எஃப்.எஃப் என்ற ஆய்வு நிறுவனம் 2015 முதல் 2017 வரையான காலத்துக்குக் கணக்குப் போட்டது. காப்பீடு இல்லாதவர்களுக்குச் செய்து, காசு வராமல் போன சிகிச்சையின் செலவு ஆண்டுக்குச் சராசரியாக 4,240 கோடி டாலர். அதில் சுமார் 3,360 கோடி, அதாவது 80 சதவீதம், ஏதோ ஒரு வழியில் அரசுப் பணத்தால் ஈடுகட்டப்பட்டது. ஏழை நோயாளிகள் அதிகம் வரும் ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கேரும், மெடிக்கேட் என்ற ஏழைகளுக்கான அரசுக் காப்பீடும் தரும் கூடுதல் தொகை, முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள், சமூக சுகாதார மையங்களுக்கான மானியம், மாநில நிதி, கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிதி என்று அது பல குழாய்களில் வருகிறது. டெக்சஸில் ஹூஸ்டன், டாலஸ் போன்ற ஊர்களில் வீட்டு வரியோடு ஆஸ்பத்திரி மாவட்ட வரி என்று ஒன்று சேர்ந்து வரும். பார்க்லேண்ட் போன்ற பொது ஆஸ்பத்திரிகள் ஓடுவதில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே வரியிலிருந்து போகிறதா என்ற கேள்விக்கு, ஆமாம், பெரும்பகுதி அப்படித்தான் போகிறது. அது இன்றைய நிலைமை, யாரோ புதிதாகக் கொண்டுவரப்போகிற திட்டம் இல்லை.

ப்ரீமியம் கட்டுகிறவர் தலையிலும் இது விழுகிறது என்று அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 2010இல் வந்த ஒபாமா கால மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலேயே, 2008இல் இந்தச் செலவு 4,300 கோடி டாலர் என்றும், அதனால் ஒரு குடும்பத்தின் ப்ரீமியம் ஆண்டுக்கு 1,000 டாலருக்கு மேல் ஏறுகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். முதல் எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவதைப் பொருளாதார அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை. ஒரு ஆஸ்பத்திரி தனியார் இன்சூரன்சிடம் அதிக விலை கேட்பது, ஊரில் வேறு ஆஸ்பத்திரி இல்லை என்ற பலத்தால்தான். பக்கத்துப் படுக்கையில் ஏழை கிடக்கிறார் என்பதால் இல்லை. கேட்க முடிந்த விலையை எப்படியும் கேட்கத்தான் செய்வார்கள். 2014க்குப் பிறகு காப்பீடில்லாதவர் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தபோதும் ப்ரீமியம் இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இதைவிட உறுதியான ஆதாரம் வேறு பக்கம் இருக்கிறது. கார்த்வெயிட், கிராஸ், நோட்டோவிடிக்டோ மூவரும் செய்த ஆய்வின்படி, ஒரு ஊரில் காப்பீடில்லாதவர் ஒருவர் கூடினால் அங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 900 டாலர் வராக்கடன் கூடுகிறது. அதில் கணிசமான பங்கை ஆஸ்பத்திரிகள் தங்கள் லாபத்திலிருந்தே விழுங்குகின்றன. பக்கத்து ஆஸ்பத்திரி மூடினால் அதன் சுமை மிச்சமிருக்கும் ஆஸ்பத்திரிமேல் ஏறுகிறது.

அடுத்து, காப்பீடு இல்லாமல் இருப்பவர் யார்? 2023 கணக்கில் சுமார் 2.6 கோடி பேர், மக்கள்தொகையில் 8 சதவீதம். 2010இல் இது ஏறக்குறைய இரு மடங்கு. டாம்பா மேடையில் வந்த கவலையற்ற 30 வயதுக்காரரும் அவர்களில் உண்டு. ஆனால் பெரும்பாலானோர் வேலைக்குப் போகும் குடும்பத்தவர். கேட்டால் சொல்லும் முதல் காரணம், விலை கட்டுப்படியாகவில்லை. இதில் சட்டமே உண்டாக்கிய ஒரு பள்ளமும் இருக்கிறது. 2010 சட்டம், வறுமைக் கோட்டின் 138 சதவீதத்துக்குக் கீழே வருமானம் உள்ள எல்லாருக்கும் மெடிக்கேட் கிடைக்கும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. அதனால் அரசு அமைத்த காப்பீட்டுச் சந்தையில் வாங்கும் காப்பீட்டுக்கான மானியத்தை 100 சதவீதத்துக்கு மேல்தான் தொடங்கினார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் மெடிக்கேட் விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பம் என்று தீர்ப்பளித்துவிட்டது. டெக்சஸ், புளோரிடா உட்பட 10 மாநிலங்கள் இன்னும் விரிவாக்கவில்லை. டெக்சஸில் குழந்தை இல்லாத, உடல் ஊனமில்லாத ஒருவர் எவ்வளவு ஏழையானாலும் மெடிக்கேட் கிடையாது. 2025இன் வறுமைக் கோடு தனி ஆளுக்கு 15,650 டாலர். ஆண்டுக்கு 12,000 சம்பாதிப்பவருக்கு ஒன்றும் இல்லை, 18,000 சம்பாதிப்பவருக்கு மானியம் உண்டு. இப்படிப்பட்டவரைப் பார்த்து "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

இனி சிறுநீரகம் செயலிழந்தவர்களின் கதைக்கு வருகிறேன். "கட்ட மாட்டோம்" என்று ஒரு அரசு சொன்னால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்காவில் 1972இல் வந்த சட்டத்தின்படி, வயது எதுவானாலும், சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தால் மெடிக்கேர் டயாலிசிஸுக்குப் பணம் கட்டும். வேலை செய்து வரி கட்டிய கணக்கு இருக்க வேண்டும். ஆவணமில்லாத குடியேறிகளுக்கு அது கிடையாது. அவர்களுக்கு மெடிக்கேடின் அவசர சிகிச்சைப் பிரிவு மட்டும்தான். எது அவசரம் என்பதை மாநிலம் முடிவு செய்யும். பல மாநிலங்களில் வாரம் மூன்று முறை செய்யும் வழக்கமான டயாலிசிஸ் அந்த வரையறைக்குள் வரவில்லை. எனவே நோயாளி மூச்சு முட்டும் வரை, அல்லது ரத்தத்தில் பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும் அளவுக்கு நெருங்கும் வரை காத்திருந்து எமர்ஜென்சிக்கு வர வேண்டும். ஒரு தடவை செய்து அனுப்புவார்கள். சில நாளில் அதே நிலைமை, அதே வாசல்.

டாலஸில் இப்படி இருந்த 181 பேரில் ஒரு பகுதியினருக்கு 2015இல் தனியார் காப்பீடு கிடைத்து வழக்கமான டயாலிசிஸ் தொடங்கியது. மற்றவர்கள் பழையபடியே தொடர்ந்தார்கள். 2019இல் வெளியான ஆய்வு இரண்டு குழுவையும் ஒப்பிட்டது. ஓராண்டில் இறந்தவர்கள் முதல் குழுவில் 3 சதவீதம், இரண்டாவதில் 17 சதவீதம். செலவோ முதல் குழுவில் ஒரு ஆளுக்கு மாதம் 5,700 டாலருக்கு மேல் குறைவு. எமர்ஜென்சிப் படுக்கை, தீவிர சிகிச்சை, திரும்பத் திரும்ப அட்மிஷன் என்று கணக்குப் பாருங்கள், ஏன் என்று புரியும். கொலராடோ 2019இல் தன் வரையறையை மாற்றி, வழக்கமான டயாலிசிஸையும் அவசரம் என்றே சேர்த்துக்கொண்டது. கருணையினால் எத்தனை பேர் அதை ஆதரித்தார்கள், கணக்கைப் பார்த்து எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்பது வேறு பேச்சு.

எல்லா நோயும் டயாலிசிஸ் போலத்தான் என்று நினைத்துவிடக் கூடாது. காப்பீடு கொடுத்தால் எமர்ஜென்சிக்கு வருவது குறையும், அதனால் காசு மிச்சமாகும் என்று ஆதரவாளர்கள் சொல்வது தவறு. 2008இல் ஓரிகன் மாநிலம் சுமார் 10,000 மெடிக்கேட் இடங்களுக்கு ஏறத்தாழ 90,000 பேர் பெயர் கொடுத்ததால் குலுக்கல் நடத்தியது. குலுக்கல் என்பதால் இரண்டு பக்கத்தையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. மெடிக்கேட் கிடைத்தவர்கள் எமர்ஜென்சிக்கு 40 சதவீதம் அதிகமாக வந்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவுகளில் இரண்டு ஆண்டுக்குள் உறுதியாகச் சொல்லும்படி முன்னேற்றம் தெரியவில்லை. மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது. குடும்பத்தையே கவிழ்க்கும் மருத்துவச் செலவு கிட்டத்தட்ட மறைந்தது. உயிர் காக்கிறதா என்பதற்கு நல்ல ஆதாரம் பிறகு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2010 சட்டப்படி, காப்பீடு எடுக்காததற்காக அபராதம் கட்டிய 39 லட்சம் குடும்பங்களுக்கு வரித்துறை 2017இல் கடிதம் அனுப்பியது. நிதிப் பற்றாக்குறையால் சிலரைக் குலுக்கல் முறையில் விட்டுவிட்டது. கடிதம் போன 45 முதல் 64 வயதுக்காரர்களில் 1,648 பேருக்கு ஒரு மரணம் குறைந்தது. ஒரு தபால் செலவுக்கு இது மோசமில்லை.

ஓரிகன் தகவல்களை வைத்து ஃபிங்கல்ஸ்டீன், ஹெண்ட்ரன், லுட்மர் எழுதிய கட்டுரையில், உங்கள் கேள்விக்கு நேரே பொருந்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. மெடிக்கேடுக்கு அரசு செலவிடும் ஒவ்வொரு டாலரிலும் ஏறக்குறைய 60 சென்ட் நோயாளிக்குப் போய்ச் சேரவில்லை. இல்லாவிட்டால் அவர் செலவைத் தாங்கியிருக்கக்கூடிய ஆஸ்பத்திரிக்கும், கவுண்டிக்கும், அறக்கட்டளைக்கும் அது நிவாரணமாகப் போகிறது. காப்பீடில்லாத ஏழைகள் தங்கள் சிகிச்சைச் செலவில் சிறு பங்கைத்தான் கையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக ஏழைக்கான காப்பீடு என்று நாம் திட்டுகிற தொகையில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிகளுக்கான காப்பீடு.

இதற்கு மேல் என் கருத்து. ஆஸ்பத்திரி காப்பீட்டு நிறுவனமாக நடக்கக் கூடாது. எந்த ஊரில் ஏழைகள் அதிகமோ அந்த ஊர் ஆஸ்பத்திரிமேல்தான் சுமை விழுகிறது. கிராமப்புறத்தில் அதுவே மூடுவதற்குக் காரணமாகிறது. இதைச் சரியாகக் கையாண்ட மாநிலமாக நான் மேரிலேண்டைச் சொல்வேன். 1970களிலிருந்து அங்கே ஆஸ்பத்திரிக் கட்டணங்களை ஒரு மாநில ஆணையம் நிர்ணயிக்கிறது. மெடிக்கேர், மெடிக்கேட், தனியார் இன்சூரன்ஸ், கையிலிருந்து கட்டுகிறவர் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே கட்டணம். வசூலாகாத சிகிச்சையின் செலவு அந்தக் கட்டணத்துக்குள்ளேயே வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டு, எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் நிரவப்படுகிறது. ஏழைகள் வரும் ஆஸ்பத்திரி திவாலாவதில்லை, பணக்காரப் பகுதி ஆஸ்பத்திரி நழுவவும் முடிவதில்லை. ப்ரீமியம் கட்டுகிறவரும் பங்கு தருகிறார், ஆனால் எவ்வளவு என்று தெரிந்து தருகிறார்.

முடிந்தவர் முன்கூட்டியே தன் பங்கைக் கட்ட வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் சொல்லும் நியாயம் இங்கே செல்லும். வருமானம் இருந்தும் எடுக்காதவருக்கு 2016இல் 695 டாலர் அல்லது வருமானத்தில் 2.5 சதவீதம், இதில் எது அதிகமோ அது அபராதம். 2019 முதல் அதைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, கலிபோர்னியா போன்றவை தங்கள் சொந்த அபராதத்தை வைத்திருக்கின்றன. ஆனால் இதன் பலத்தை நான் மிகைப்படுத்த மாட்டேன். அபராதம் போனால் பத்தாண்டில் 1.3 கோடி பேர் காப்பீட்டை விடுவார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் பட்ஜெட் அலுவலகம் கணித்தது. அவ்வளவு பெரிய சரிவு வரவில்லை. மக்களை உள்ளே இழுத்ததில் தடியைவிட மானியத்துக்குத்தான் பங்கு அதிகம். 2025 ஜூலையில் வந்த சட்டம் மெடிக்கேடை வெட்டுகிறது. அதனால் 2034க்குள் காப்பீடில்லாதவர் ஒரு கோடி பேர் கூடுவார்கள் என்பது அதே அலுவலகத்தின் கணிப்பு. எம்டாலா அப்படியே இருக்கிறது. ஆகவே அந்தச் செலவு மறையாது, வாசலை மாற்றிக்கொண்டு வரும்.

லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகளும் பதில் சொல்ல வேண்டும். 2020இல் அவற்றுக்குக் கிடைத்த வரிவிலக்கின் மதிப்பு சுமார் 2,800 கோடி டாலர் என்றும், அவை செய்த இலவச சிகிச்சையின் செலவு சுமார் 1,600 கோடி என்றும் கே.எஃப்.எஃப் மதிப்பிட்டது. வேறு சமூகப் பணிகளையும் சேர்க்க வேண்டும் என்பார்கள், அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் வரிவிலக்கு வாங்கிக்கொண்டு ஏழைமேல் வழக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த இடத்தில்தான் பில் கையில் வைத்திருப்பவருக்கு உபயோகமான விஷயம் வருகிறது. வருமான வரிச் சட்டத்தின் 501(ஆர்) பிரிவின்படி, வரிவிலக்கு பெறும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் நிதி உதவிக் கொள்கையை எழுதி இணையத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். முதல் 120 நாளுக்குள் கிரெடிட் ரிப்போர்ட்டில் போடுவது, வழக்கு, சம்பளத்தில் பிடித்தம் எதுவும் செய்யக் கூடாது. தகுதியுள்ளவரிடம், காப்பீடு உள்ளவர்களுக்குப் பொதுவாகப் போடும் தொகைக்கு மேல் கேட்கக் கூடாது. எவ்வளவு வருமானம் வரை உதவி என்பதைப் பெரும்பாலும் ஆஸ்பத்திரியே முடிவு செய்கிறது. வறுமைக் கோட்டின் 200 சதவீதம் வரை முழு இலவசம், அதற்கு மேல் படிப்படியாகத் தள்ளுபடி என்பது பல இடங்களில் காணும் வடிவம். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் 400 சதவீதம் வரை சட்டமாகவே வைத்திருக்கின்றன. முதலில் ஆஸ்பத்திரியின் நிதி ஆலோசகரைக் கேட்டு மெடிக்கேட் கிடைக்குமா என்று பாருங்கள். தகுதி இருந்தால், பெரும்பாலான மாநிலங்களில் விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதச் செலவையும் அது ஏற்கும். 2027 முதல் இந்தக் காலம் சுருங்குகிறது. பிறகு ஒவ்வொரு ஊசி, ஒவ்வொரு டெஸ்ட் தனித்தனியாகப் போட்ட விவர பில்லைக் கேளுங்கள். ஒரே டெஸ்ட் இரண்டு முறை ஏறியிருப்பது சாதாரணம். வரி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு நகல்களோடு நிதி உதவி விண்ணப்பத்தைக் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள்.

சொதப்புகிற இடங்கள் இரண்டு. எமர்ஜென்சி டாக்டர், ரேடியாலஜி, மயக்க மருந்து நிபுணர் ஆகியோர் பெரும்பாலும் தனி நிறுவனம். தனி பில் வரும். ஆஸ்பத்திரியின் தள்ளுபடி அவர்களைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். யார் யார் கொள்கைக்குள் வருகிறார்கள் என்ற பட்டியலை ஆஸ்பத்திரி வெளியிட்டாக வேண்டும், அதைக் கேளுங்கள். இரண்டாவது, பயத்தில் முழுத் தொகையையும் கிரெடிட் கார்டில் தேய்த்துவிடுவது. அந்த நொடியில் அது வங்கிக் கடன் ஆகிவிடுகிறது. ஆஸ்பத்திரியின் தள்ளுபடி விதிகள் அதற்குப் பொருந்தாது. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சிகிச்சை என்றால் வேறொரு பிடி உண்டு. 2022 முதல், காப்பீடில்லாதவருக்கு எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ ஏறினால் 120 நாளுக்குள் முறையிடலாம்.

கடைசியாகப் பெற்றோர். விசிட்டர் விசாவில் வருபவருக்கு எம்டாலா முழுமையாகப் பொருந்தும். நெஞ்சு வலி என்றால் தயங்காமல் அவசர எண் 911ஐக் கூப்பிடுங்கள். மெடிக்கேட் கிடைப்பது அரிது, ஏனென்றால் அந்த மாநிலத்தில் குடியிருப்பவராகக் கருத மாட்டார்கள். நிதி உதவியிலும் சில ஆஸ்பத்திரிகள் தங்கள் பகுதியில் வசிப்பவருக்கு மட்டும் என்று வைத்திருக்கும், சில வைத்திருக்காது. கொள்கையைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கிளம்புமுன் வாங்கும் விசிட்டர் இன்சூரன்சில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிலையான தொகை தரும் மலிவு பாலிசி வேண்டாம். அறுவை சிகிச்சை என்று வந்தால் அது அட்வான்சுக்குக்கூடக் காணாது. மொத்தச் செலவில் சதவீதமாக ஏற்கும் பாலிசியை எடுங்கள். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கு "ஏற்கெனவே உள்ள நோய் திடீரென்று முற்றுதல்" என்ற விதியில் வயது வரம்பையும், எத்தனை மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டில் வருபவர்கள் என்றால், வந்த 60 நாளுக்குள் அரசுச் சந்தையில் சாதாரணக் காப்பீடே வாங்கலாம். 65 வயதாகி ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பின் மெடிக்கேரைக் காசு கட்டி வாங்க வழியுண்டு.

அட்மிஷன் மேசையில் நீட்டும் படிவத்தைப் பிள்ளைகள் நிதானமாகப் படிக்க வேண்டும். பெற்றோரின் பில்லுக்குப் பெரும்பாலும் நீங்கள் தானாகவே பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை. பொதுவாக "கட்டணத்துக்கு உத்தரவாதம்" என்ற வரியில் கையெழுத்துப் போட்டால்தான் ஆகிறீர்கள். நோயாளி சார்பில் பேசுபவர் என்ற இடத்தில் மட்டும் கையெழுத்திட்டு, உத்தரவாத வரியைக் காலியாக விடலாம். அதற்காக எமர்ஜென்சியில் சிகிச்சையை நிறுத்திவைக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை.